கிராணியார் படிக்கட்டும், பால் வெட்டுபவர் தீர்ப்புச் சொல்லட்டும்

செக்ரோலில் நம் பாட்டனார் பெயர் இருந்தது. பாட்டியார் பெயரும் இருந்தது. எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தார்கள், எத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தார்கள், சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் கிராணியார் கையெழுத்தில் ஒழுங்காகப் பதிவாயின. ஆனால் விடியுமுன் விளக்கோடு நிரையில் நின்றபோது அவர்கள் மனத்தில் என்ன ஓடிற்று? ஆயாக்கொட்டகையில் விட்டுவந்த பிள்ளையை எண்ணி அந்தத் தாய் என்ன பாடுபட்டாள்? துரை வைதபோது எந்தச் சொல்லைத் தொண்டைக்குள் விழுங்கினார்கள்? இவற்றை எழுதச் செக்ரோலில் கட்டம் கிடையாது. அந்த வெற்றிடத்தை நிரப்பிய நூல்கள் தமிழில் இருக்கின்றன. அவற்றை நாம் படிக்கிறோமா என்பதே இங்கே நாம் எழுப்பும் கேள்வி.

இதை நாம் எழுதுவது சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள பூன் லே வட்டாரத்திலிருந்து. இந்தப் பெயரே ஒரு தோட்ட முதலாளியின் பெயர்தான். சூ பூன் லே என்ற சீனத் தனவந்தர் ஜூரோங் பகுதியில் முதலில் காம்பியர் பயிரிட்டார், பிறகு ரப்பருக்கு மாறினார். 1961-இல் ஜூரோங்கில் தொழிற்பேட்டை வேலை தொடங்கியது. தோட்டங்கள் போயின, புகைபோக்கிகள் எழுந்தன. முதலாளி பெயர் ரயில் நிலையத்துக்கும் சாலைக்கும் நிலைத்துவிட்டது. அங்கே பால் வெட்டியவர் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது? தோட்டப்புறத்தில் பிறந்து ஜோகூர்ப் பாலம் தாண்டி வந்த நம்மில் பலர் இன்று இவ்வட்டாரத் தொழிற்சாலைகளில் உழைக்கிறோம். பூன் லே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜூரோங் வெஸ்ட் பொது நூலகம் இருக்கிறது. சிங்கப்பூர் நூலக வாரியம் நான்கு ஆட்சி மொழிகளிலும் நூல்கள் வாங்கி வைக்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. அந்த வசதியால் படித்தவற்றுள் நம் சங்க உறுப்பினர்கள் அவசியம் படிக்க வேண்டியவை எவை என்று சொல்லவே இக்கட்டுரை.

நூலைத் தேர்ந்தெடுக்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். பண்டிதர் அளவுகோல் வேறு, நம்முடையது வேறு. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888 முதல் இங்குள்ள பூந்தோட்டத்தை நடத்திய ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். அந்த முறையைத் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கமாக்கி ஒரு பெருந்தொழிலைத் தூக்கி நிறுத்தியவர்கள் நம்மவர்கள். ஆகவே தோட்டத்தைப் பற்றிய நாவலுக்கு முதல் பரீட்சை நடத்தும் உரிமை உளி பிடித்தவருக்கே உண்டு. மழை நாளில் வேலை நின்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எழுத்தாளருக்குத் தெரிகிறதா? ஒட்டுப்பாலுக்கும் மங்குப்பாலுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? கங்காணியிடமும் கிராணியிடமும் நாம் எப்படிப் பேசுவோம் என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறாரா? இவற்றில் தேறாத நூல் எத்தனை பரிசு வாங்கியிருந்தாலும் நமக்கு இரண்டாம்பட்சமே.

முதலில் அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’. ஞானபீடப் பரிசு பெற்ற அந்தத் தமிழக எழுத்தாளர், மலேசியாவுக்கு வந்து பார்த்துச் சென்று 1970-களில் எழுதிய நாவல் இது. விருந்தாளியாக வந்தவரின் பார்வை இதில் உண்டு, பரிவும் உண்டு. தமிழ்நாட்டு வாசகர் வீட்டுக்குள் நம் லயத்து வாழ்வைக் கொண்டு சேர்த்த பெருமையும் உண்டு. தோட்ட நாவலை இதுவரை தொடாதவர் இதிலிருந்து தொடங்கலாம்.

விருந்தாளி பார்த்ததைவிட வீட்டுக்காரன் பார்ப்பது அதிகம் அல்லவா? அதற்குக் கெடா மாநிலத்து எழுத்தாளர் சீ. முத்துசாமியைப் படிக்க வேண்டும். 2017-இல் விஷ்ணுபுரம் விருது பெற்றவர் இவர். ‘மண்புழுக்கள்’ என்ற நாவலில் தோட்டத்து மனிதர்கள் தங்கள் சொந்தப் பேச்சிலேயே பேசுகிறார்கள். மேடைத் தமிழும் இல்லை, சினிமாத் தமிழும் இல்லை. படிக்கச் சற்று நிதானம் வேண்டும். உரக்கப் படித்தால் தானாகவே விளங்கும், ஏனெனில் அது நம் வீட்டுப் பேச்சு.

மூன்றாவதாக, சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றிய இரண்டு நாவல்கள்: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’. 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானிய ராணுவம் சுமார் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பாதையைப் போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆசை காட்டியும் அடித்தும் கொண்டுபோனார்கள். காலராவும் பட்டினியும் அடியும் சேர்ந்து, ஆசியத் தொழிலாளரில் ஏறத்தாழ 90,000 பேரைப் பலி கொண்டதாக மதிப்பிடுகிறார்கள். காஞ்சனபுரியில் மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. நம்மவரின் பெயர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. ‘நினைவுச் சின்னம்’ என்று ரெங்கசாமி தம் நாவலுக்குப் பெயரிட்டதன் பொருள் இப்போது விளங்குகிறதா? கல் வைக்காத இடத்தில் அவர் ஒரு புத்தகத்தை வைத்தார். தாத்தாவோ பெரிய தாத்தாவோ சயாமுக்குப் போய்த் திரும்பாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தக் குடும்பங்களில் இவ்விரு நூல்களும் இருக்க வேண்டும்.

புதிய தலைமுறையில் ம. நவீன் 2019-இல் ‘பேய்ச்சி’ நாவலை வெளியிட்டார். தோட்டப்புற வாழ்வையும், ஏழைகளின் உயிர் குடித்த விஷச் சாராயத்தையும் தொட்டுப் பேசும் நாவல் அது. 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு அதற்குத் தடை போட்டது. சட்டத்தை மீறச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் சாராயம் குடித்து மக்கள் செத்தபோது வராத பதற்றம், அதைச் சொன்ன நூலில் நாலு சொல் காரமாக இருந்ததும் வருவானேன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சிங்கப்பூரைப் பற்றிய நாவல் வேண்டுமென்றால் கமலாதேவி அரவிந்தனின் ‘செம்பவாங்’ இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களின் கதை அது. தோட்டம் அல்லாத இடத்திலும் நம்மவர் வாழ்வு எப்படி ஒரு முதலாளியின் விசிலுக்குக் கட்டுப்பட்டிருந்தது என்று ஒப்பிட உதவும்.

நம் எல்லைக்கு வெளியேயும் கொஞ்சம் பார்ப்போம். இலங்கை மலையகத்தைப் பற்றி கோகிலம் சுப்பையா எழுதிய ‘தூரத்துப் பச்சை’ 1964-இல் வந்தது. தலைப்பே ஆள்கட்டும் தரகனின் பசப்பு வார்த்தையை நினைவூட்டுகிறது. அதே மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதி, 1947-இல் இலங்கை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அவரே ‘வீடற்றவன்’ போன்ற நாவல்களும் எழுதினார். சங்க வேலைக்கும் எழுத்து வேலைக்கும் பகை இல்லை என்பதற்கு இவரைவிட வேறு சாட்சி எதற்கு? ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வந்த நாவலை, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். ‘பரதேசி’ படம் பார்த்தவர்கள் அதன் மூலக்கதையை இதில் காணலாம். படத்தைவிட நூலில் கணக்கு வழக்குகள் தெளிவு: முன்பணம் எப்படிக் கடனாகிறது, கடன் எப்படிக் காலில் விலங்காகிறது என்று விளங்கும்.

முதலாளி பக்கத்துக் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. ஜெயமோகனின் ‘ரப்பர்’, 1990-இல் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பரால் உயர்ந்த ஒரு குடும்பத்தையும், ரப்பரால் மண்ணுக்கும் காட்டுக்கும் நேர்ந்ததையும் சொல்கிறது. நமக்குச் சோறு போட்ட மரம் இன்னொரு மண்ணில் என்ன செய்தது என்று அறிய வேண்டாமா?

இனி, கதையல்லாத நூல்கள். இவற்றில் பல ஆங்கிலத்தில் இருப்பதால் நம் கிராணிமாரின் உதவி இங்கே தேவைப்படுகிறது. ஜான் டல்லி என்ற ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் 2011-இல் எழுதிய ‘தி டெவில்ஸ் மில்க்’, அதாவது ‘பேயின் பால்’, ரப்பரின் சமூக வரலாறு. அமேசான் காடு, பெல்ஜிய மன்னன் கையில் சிக்கிய காங்கோ, மலாயா, வியட்நாம் என்று எங்கெங்கே ரப்பருக்காக மனிதரைப் பிழிந்தார்கள் என்பதை ஒரே கயிற்றில் கோக்கிறது. நம் துயரம் தலைவிதி அல்ல, ஒரு கணக்கின் விளைவு என்று காட்டும் நூல் இது. கர்னியல் சிங் சந்து 1969-இல் வெளியிட்ட ‘இந்தியன்ஸ் இன் மலாயா’, கங்காணி முறையில் ஆள் கட்டியதைப் புள்ளி விவரத்தோடு சொல்கிறது. சுனில் அம்ரித் 2013-இல் எழுதிய ‘கிராசிங் தி பே ஆப் பெங்கால்’ வங்கக் கடலைக் கடந்த மக்களின் வரலாறு.

எல்லாவற்றிலும் நம்மை அதிகம் உலுக்க வேண்டிய நூல் வேறொன்று. வியட்நாமில் மிஷெலின் கம்பெனியின் ஃபூ ரியெங் ரப்பர்த் தோட்டத்தில் கூலியாக இருந்த டிரான் து பின் என்பவரின் நினைவுக் குறிப்பு அது. 1930-இல் அந்தத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் அவர் பங்கு கொண்டார். ‘தி ரெட் எர்த்’ (செம்மண்) என்ற பெயரில் 1985-இல் ஆங்கிலத்தில் வந்தது. பால் வெட்டும் தோட்டத்தின் வரலாற்றை ஒரு தொழிலாளியே தன் வாயால் சொல்கிறார். துரைகள் ஓய்வு பெற்று ஊருக்குப் போய் நினைவு நூல்கள் எழுதினார்கள். கூலி எழுதினால் அதே தோட்டம் எப்படி வேறாகத் தெரிகிறது என்பதற்கு இந்நூல் சாட்சி.

‘புத்தகம் படித்தால் சம்பளம் கூடுமா?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாவல் சம்பளத்தைக் கூட்டாது. ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்காருபவர் ஆண்டறிக்கையோடும் விலைப்பட்டியலோடும் வருகிறார். நாம் நம் பாட்டனாரின் பாட்டைக்கூட அறியாமல் போனால், எதை வைத்து நியாயம் பேசுவது? கூலியின் வரலாறு தெரியாதவன், கொடுத்ததைக் கருணை என்று எண்ணுவான். தெரிந்தவன் அதை உரிமை என்பான்.

‘பழைய துன்பத்தைக் கிளறுவானேன்? பிள்ளைகள் மறந்து முன்னேறட்டும்’ என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. அவர்கள் மனம் நமக்குப் புரிகிறது. எனினும், ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்துவிட்டது, பல தோட்டங்கள் வீடமைப்புக்குப் போய்விட்டன, லயங்கள் இடிந்தன. இடமும் போய், அதைச் சொன்ன நூலும் படிக்கப்படாவிட்டால், நம் பிள்ளை தன் முன்னோரை வெட்கத்தோடுதான் நினைப்பான். இந்த நாட்டுச் சாலைகளையும் ரயில்களையும் எழுப்பிய செல்வத்தில் தன் பாட்டியின் வியர்வை உண்டு என்று அறிந்த பிள்ளைதான் நிமிர்ந்து நடப்பான்.

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனைகள் இவை. ஒவ்வொரு கிளையும் மேலே சொன்ன தமிழ் நூல்களில் ஐந்தையாவது வாங்கி அலுவலகத்தில் ஓர் அலமாரியில் வைக்கட்டும். பூட்டுப் போடாத அலமாரியாக இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு மாலை கிளைக் கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் கிராணியாரோ படித்த பிள்ளையோ ஓர் அத்தியாயம் உரக்கப் படிக்கட்டும். படித்து முடித்ததும் பால் வெட்டுபவர்கள், முக்கியமாகப் பெண்கள், ‘இது சரி, இது தப்பு, எங்கள் தோட்டத்தில் இப்படி நடந்தது’ என்று சொல்லட்டும். அதைக் கிராணியார் எழுதிக்கொள்ளட்டும். செக்ரோல் எழுதிய கைக்கு இதுவும் ஒரு கடமை. ஒருவருக்கு எழுத்து தெரியும், மற்றவருக்கு வாழ்வு தெரியும். இருவரும் சேராமல் எந்த வரலாறும் உருவாகாது.

நூலகம் எட்டாத தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 2015-இல் சிங்கப்பூர்த் தமிழர்கள் முனைந்து, 1965 முதல் ஐம்பதாண்டுகளில் வந்த சுமார் 350 தமிழ் நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலகத்திடம் ஒப்படைத்தார்கள். கைத்தொலைபேசி வைத்திருக்கும் இளைஞர் அவற்றைத் தேடிப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டலாம்.

தோழர்களே! மரத்துப் பாலை நாள்தோறும் அளந்து கொடுத்தோம். அதன் கணக்கை யாரோ எழுதினார்கள். நம் வாழ்வின் கணக்கை எழுதியவர்களை முதலில் படிப்போம். அவர்கள் விட்டதை அடுத்து நாமே எழுதுவோம். அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அலமாரிக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.