ஈறுகளில் ரத்தமா? சர்க்கரையையும் பாருங்கள்!

நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. 1920-ல் தொடங்கிய கல்லூரி. மரங்கள் நிறைந்த அந்த வட்டாரத்தில் விடிகாலையில் நடக்க வருகிறவர்கள் எல்லாரும் விளையாட்டு வீரர்கள் அல்லர். டாக்டர் சொன்னதற்காக நடப்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சர்க்கரை நோய்.

நடை தவறுவதில்லை. மாத்திரை தவறுவதில்லை. காபியில் சர்க்கரை இல்லை. ஆனாலும் சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்க மறுக்கிறது. "யாருக்கும் தெரியாமல் என்ன தின்றீர்கள்?" என்று வீட்டில் சண்டை!

குற்றவாளி தட்டில் இல்லாமல் ஈறுகளில் ஒளிந்திருக்கலாம்.

பல் தேய்க்கும்போது ரத்தம் வரும். "பிரஷ் குத்திவிட்டது" என்று துப்பிவிட்டுப் போவார்கள். வாய் நாறும். கிராம்பை மெல்லுவார்கள். பல் ஆடும். "வயசாச்சு" என்பார்கள். காலில் ஒரு கொப்புளம் வந்தால் வீடே பதறுகிறது. வாய்க்குள் ஆறு மாதமாகப் புண் இருந்தால் கேட்பார் இல்லை. இது என்ன நியாயம்?

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி

பல்லின் அடியில் படியும் அழுக்கு நாளடைவில் கல் போல இறுகுகிறது. அதற்குக் காரை என்று பெயர். அதில் கிருமிகள் குடியேறுகின்றன. ஈறு வீங்கி, பல்லை விட்டு விலகுகிறது. பிறகு பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

சர்க்கரை ஏறிய உடம்பில் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவு. ஆகவே ஈறு நோய் சீக்கிரம் முற்றுகிறது. முற்றிய ஈறு நோயோ இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. ஆகவே சர்க்கரை மேலும் ஏறுகிறது. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றுக்குச் சர்க்கரை நோய் செய்யும் கெடுதல்களோடு ஈறு நோயையும் சேர்த்து, அதை "ஆறாவது கெடுதல்" என்று 1993-லேயே சொன்னார் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர்.

ஈறுகளுக்குச் சிகிச்சை செய்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண் சுமார் 0.4 குறைகிறது. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2022-ல் வெளியான முடிவு இது. 8 என்று இருப்பது 7.6 ஆகும். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அர்த்தம் அல்ல!

ஈறு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் அதிகம் காணப்படுகிறது. ஒன்றுக்கு மற்றது காரணமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் விஷயத்தில் சந்தேகமே இல்லை. வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் புகுந்து வால்வில் தங்கினால் உயிருக்கே ஆபத்து.

பல் போன பாட்டியைப் பாருங்கள். கடலையை மெல்ல முடியாது. கீரைத் தண்டு, காய்கறி எல்லாம் கஷ்டம். குழைந்த சோறு, காபியில் நனைத்த ரொட்டி! சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் தோன்றியது. அடுத்த ஆண்டே, 1954-ல், ராயபுரத்தில் டாக்டர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனி மருத்துவமனை தொடங்கினார். ஓராண்டு இடைவெளியில் பிறந்த இந்த இரண்டும் சேர்ந்து பார்க்கவேண்டிய நோய்களை, ஜனங்கள் இன்றும் சம்பந்தம் இல்லாதவையாக நினைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. நல்ல திட்டம். மாத்திரை கொடுக்க வரும் பெண் "ஈறுகளில் ரத்தம் வருகிறதா? பல் ஆடுகிறதா?" என்று இரண்டு கேள்வி கேட்கவேண்டும். சர்க்கரைச் சீட்டில் ஈறுகளுக்கும் ஒரு வரி வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

"காரையை எடுத்தால் பல் ஆடும்" என்று பயமுறுத்துவோர் உண்டு. காரை பல்லைத் தாங்கவில்லை, எலும்பைத்தான் தின்கிறது. எலும்பு முன்பே போயிருந்தால், காரையை எடுத்தவுடன் ஆட்டம் வெளியே தெரிகிறது. அவ்வளவுதான்.

நந்தனத்தில் மெட்ரோ ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி தூரம் இல்லை. வெறும் வயிற்றோடு போகக்கூடாது. சர்க்கரைச் சீட்டையும், சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோய் முதலில் பல் டாக்டரிடம் காட்டவேண்டும்.