இறக்கை இருக்கிறது, கூரை எங்கே?

தஞ்சை என்றதும் நெல் நினைவுக்கு வரும். நெல்லோடு காவிரி வரும். காவிரியோடு கல்லணை வரும், கரிகாலன் வருவான். பெரிய கோவில் வரும், இராசராசன் வருவான். ஆகாய விமானம் வராது! வரவேண்டிய பட்டியலிலே அதன் பெயரை நாம் எழுதவேயில்லை. நாம் எழுதாவிட்டால் என்ன? நம் தலைக்கு மேலே, தன் பெயரைத் தானே முழங்கிக்கொண்டு பறக்கிறது அது.

தஞ்சைக்கும் வானூர்திக்கும் உள்ள உறவு நேற்று முளைத்த காளான் அல்ல. 1940-இல், இரண்டாம் உலகப் போர் மூண்டெரிந்த நாளிலே, தஞ்சை நகரின் ஓரத்திலே ஓடுபாதை போட்டான் வெள்ளையன். 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வங்கக் கடல், சப்பானிய நீர்மூழ்கிகள் உலவும் கடலாயிற்று. சிங்கப்பூர்ப் போரிலே சிதைந்துபோன பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆம் அணி, அதே ஆண்டின் பிற்பகுதியிலே, தஞ்சையிலே மறுபிறப்பு எடுத்தது. வெல்லிங்டன் என்னும் இரட்டை எஞ்சின் விமானங்கள் இங்கிருந்து எழும்பின, கடற்பரப்பை அலசின, 1943-இல் மத்தியதரைக் கடல் நோக்கிச் சென்றன. சோழனின் கலங்கள் கடாரம் நோக்கிச் சென்ற கடலின்மீது, தஞ்சை மண்ணிலிருந்து எழும்பிய விமானங்கள் காவல் சுற்றின! நம் பாட்டன்மார் அண்ணாந்து பார்த்தனர். பார்த்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. பார்க்கப்பட்ட விமானமும் இங்கு இல்லை.

அந்த ஓடுபாதை உறங்கிக் கிடந்த காலம் உண்டு. விழித்துக்கொண்ட காலமும் உண்டு. 2013 மே 27 அன்று, அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, அதைப் போர் விமானத் தளமாகத் தொடங்கி வைத்தார். 2020 சனவரி 20 அன்று, சுகோய்-30 விமானங்களோடு 222-ஆம் அணி தஞ்சையிலே குடியேறியது. ஆக, ஏர் ஓடும் நாட்டின் வானத்திலே, ஒலியை முந்தும் ஊர்தி ஓடுகிறது.

ஓடட்டும். ஆனால், அந்த ஓசையைக் கேட்கும் உரிமை மட்டும்தானா நமக்கு? ஒரத்தநாட்டுச் சிறுவன் ஒருவன், "அது எப்படிப் பறக்கிறது?" என்று கேட்டால், அவனுக்குக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? தளத்தைச் சுற்றி வேலி இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும், படைத்தளம் திருவிழாத் திடலன்று. வேலிக்கு உள்ளே நிற்கும் விமானத்தை நாம் கேட்கவில்லை. பணி முடித்து ஓய்வு பெற்ற விமானத்தைக் கேட்கிறோம். அதை வேலிக்கு வெளியே, கூரைக்குக் கீழே, நம் பிள்ளைகளின் கைக்கெட்டும் தொலைவிலே நிறுத்துங்கள் என்கிறோம்.

ஓய்வு பெற்ற விமானத்துக்குப் பஞ்சமில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரிலே, மிக்-21 விமானம் விடைபெற்றது. 1963-இல் வந்தது, 62 ஆண்டு உழைத்தது. அதற்கு முன்னே, 2019 டிசம்பர் 27 அன்று சோத்பூரிலே, மிக்-27 விடைபெற்றது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: இன்று தஞ்சையிலே சுகோய் ஓட்டும் 222-ஆம் அணி, முன்பு மிக்-27 ஓட்டிய அணி! அந்த விமானம் விடைபெற்ற 24-ஆம் நாள், அந்த அணி தஞ்சையிலே கொடியேற்றியது. உறவுமுறை பார்த்தாலும் மிக்-27 நமக்கு மூத்தவன். மூத்தவனுக்குத் திண்ணையிலே இடம் தருவதுதானே தமிழர் வழக்கம்?

"என்ன அவசரம்? நூற்றுக்கணக்கிலே இருக்கின்றனவே! பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு விடை சொல்ல, தஞ்சையிலிருந்து எழும்பிய அந்த வெல்லிங்டனையே சாட்சிக் கூண்டிலே ஏற்றுகிறேன். வெல்லிங்டன் விமானங்கள் 11,400-க்கும் மேல் கட்டப்பட்டன. இன்று உலகிலே, முழு உருவோடு எஞ்சி நிற்பவை இரண்டே இரண்டு! இரண்டும் இங்கிலாந்திலே இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளிலே சுகாட்லாந்தின் நெசு ஏரியிலே விழுந்தது. 45 ஆண்டு நீருக்கடியிலே கிடந்தது. 1985-இல் அதை வெளியே எடுத்து, ஆண்டுக்கணக்கிலே பாடுபட்டு, புரூக்லண்ட்சு காட்சிச்சாலையிலே நிறுத்தினார்கள். கூடை முடைவதுபோல உலோகப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, அதன்மேல் துணி போர்த்திய உடல் அதற்கு. அந்தப் பின்னல் இன்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிகிறது. ஏரிக்குள் விழுந்தது பிழைத்தது. கரையிலே இருந்த ஆயிரக்கணக்கானவை உருக்குலைக்குப் போயின. நிறைய இருக்கிறது என்ற நினைப்பைவிடப் பெரிய அழிவுக் கருவி உலகிலே வேறில்லை!

இதை நெல் நாட்டானுக்கு நான் சொல்லித்தரவும் வேண்டுமா? மாப்பிள்ளைச் சம்பா அழியும் என்று யார் நினைத்தார்? காட்டுயானம் காணாமற் போகும் என்று எவர் கண்டார்? வயல்தோறும் விளைந்தது; ஆகவே எவரும் காக்கவில்லை. பிறகு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் செயராமன், ஊர் ஊராக அலைந்து 174 வகை மரபு நெல்லைத் திரட்ட வேண்டியிருந்தது. விதைக்கு ஒரு செயராமன் கிடைத்தார். இறக்கைக்கு?

இன்னொரு செய்தி கேளுங்கள், நெஞ்சு சுடும். போர் முடிந்ததும், லிபரேட்டர் என்னும் பெரிய குண்டு விமானங்களைக் கான்பூரிலே உடைத்துப் போட்டுவிட்டுப் போனான் வெள்ளையன். அந்தக் குவியலிலிருந்து 40-க்கும் மேற்பட்டவற்றை மீட்டு, பழுது பார்த்து, பறக்க வைத்தவர்கள் பெங்களூர் இந்துசுதான் விமானத் தொழிற்சாலையின் தொழிலாளர். 1968 வரை அவை நம் வானிலே பறந்தன. பின்னர் என்ன ஆயிற்று? பிரிட்டிஷ் விமானப்படைக் காட்சிச்சாலையிலே நிற்பது, இந்தியாவிலிருந்து போன லிபரேட்டர். கனடாவிலே நிற்பதும், அமெரிக்க நாட்டு அரிசோனாவிலே நிற்பதும் இங்கிருந்து போனவை. வெளிநாட்டான் பார்த்து வியப்பது நம் தொழிலாளி முறுக்கிய திருகாணியை! தில்லி பாலம் காட்சிச்சாலையிலே ஒன்று நிற்கிறது; அதுவரை நன்று. ஆனால், தில்லிக்குப் போய்ப் பார்க்கக் காசு உள்ளவனுக்கு மட்டும்தானா அறிவு?

அரக்கோணத்திலிருந்து பறந்த து-142 என்னும் கடற்படை விமானம் 2017 மார்ச்சிலே ஓய்வு பெற்றது. அதே ஆண்டு டிசம்பரிலே, விசாகப்பட்டினக் கடற்கரையிலே காட்சிச்சாலையாகி நின்றது. மக்கள் அதனுள்ளே நடந்து பார்க்கிறார்கள். ஆந்திரத்து உடன்பிறந்தார் செய்தது அருஞ்செயல், பாராட்டுகிறேன். பொறாமை இல்லை. ஆனால், தமிழ் மண்ணிலிருந்து பறந்ததைக் காண நம் பிள்ளை கோதாவரி தாண்டிப் போகவேண்டுமா என்ற ஏக்கம் இருக்கிறது.

"நமக்கு எதற்கையா காட்சிச்சாலை? பாகன் ஓட்டாத வான ஊர்தியைப் புறநானூறு பேசவில்லையா? சிந்தாமணியிலே மயிற்பொறி பறக்கவில்லையா?" என்று மார்தட்டும் பெரியவர்களும் உண்டு. பேசியது, பறந்தது, புலவனின் நெஞ்சிலே! அந்த நெஞ்சுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால், கற்பனைக்குத் திருகாணி வேண்டியதில்லை, எரிபொருள் வேண்டியதில்லை, ஏறிப் பறந்து இறந்தவன் பெயரும் வேண்டியதில்லை. பாட்டிலே பறப்பது வேறு. பாரம் தூக்கிப் பறப்பது வேறு. அந்த வேறுபாட்டைக் கண்ணால் காட்டும் இடமே காட்சிச்சாலை. அதைக் கண்ட பிள்ளை பழம்பெருமை பேசிக் காலம் கழிக்கமாட்டான். புதுப்பொறி செய்யப் புறப்படுவான்.

சான்று வேண்டுமா? இராமேசுவரத்துப் படகோட்டியின் மகன் ஒருவர், திருச்சியிலே படித்துவிட்டு, சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார். அங்கே சேரக் கட்டணம் 1,000 ரூபாய். அக்காள் தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தந்தார். அந்தக் கல்லூரி வளாகத்திலே, ஓய்வு பெற்ற விமானங்கள் இரண்டு நின்றன. மற்ற மாணவர் விடுதிக்குத் திரும்பிய பிறகும், அவர் மட்டும் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருப்பாராம். வானூர்திப் பொறியியலைத் தேர்ந்ததற்கு அந்த ஈர்ப்பைத்தான் காரணமாகத் தம் வரலாற்று நூலிலே எழுதியிருக்கிறார். அவர் அப்துல் கலாம்! பறக்காத இரண்டு விமானங்கள் ஒரு மனிதனைப் பறக்க வைத்தன. அவை பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால், கிலோவுக்கு என்ன விலை கிடைத்திருக்கும்? கணக்குப் போடுங்கள் பார்ப்போம்!

இப்போது, எதிர்வாதங்களிலே வலிமையானதற்கு வருகிறேன். "கொள்முதல் நிலைய வாசலிலே நெல் மூட்டை மழையிலே நனைந்து முளைக்கிறது. நெல்லுக்கே கூரையில்லாத நாட்டிலே, பழைய விமானத்துக்குக் கூரையா?" என்கிறான் உழவன். அவன் கேட்பது நியாயம். நெல்லுக்குக் கூரை முதலில் வேண்டும். அதிலே எனக்கு ஐயமில்லை. ஆனால், விமானத்துக்குக் கூரை போடாததாலே நெல் மூட்டை நனையாமற் போனதுண்டா? இரண்டும் நனைந்ததுதான் கண்ட பலன்! உழுபவன் மகன் உழவை மட்டுமே அறிந்தால் போதும் என்பது பழைய கட்டளை. "உனக்குச் சோறு போதும், அறிவு எதற்கு?" என்று அவன் பாட்டனிடம் சொன்னவர்கள் உண்டு. அந்தப் பேச்சை அவன் வாயாலேயே திரும்பச் சொல்ல விடலாமா? சோறும் வேண்டும், வானமும் வேண்டும்.

அடுத்து, எப்படிக் காப்பது என்பது. நாற்சந்தியிலே தூண் நட்டு, அதன் உச்சியிலே விமானத்தைக் குத்தி வைத்து, திறப்பு விழா நடத்திவிட்டு மறந்துபோவது காப்பதாகாது, கழுவேற்றுவது! விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவை. கலவையிலே செம்பு இருப்பதாலே, தூய அலுமினியத்தைவிட அது எளிதிலே அரிபடும். எஃகு ஆணி அதைத் தொடும் இடத்திலே, ஈரமும் சேர்ந்தால் அரிப்பு விரையும். நம் காற்றோ கடற்காற்று. நம் மழையோ ஐப்பசி, கார்த்திகை அடைமழை. வெயிலிலே விமானி அறையின் கண்ணாடிக்கூடு மங்கும். சக்கரத்து ரப்பர் வெடிக்கும். காற்றுப் புழைக்குள் பறவை கூடு கட்டும். ஆகவே கூரை வேண்டும். நீர் வடிய வழி வேண்டும். ஆண்டுதோறும் கழுவித் துடைத்துச் சோதிக்க ஆள் வேண்டும். விமானி வெளியே பாயும் இருக்கையின் வெடிமருந்தை முன்னரே நீக்கவும் வேண்டும். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத பெருமை எங்கே போய் முடியும் என்பதை, விக்ராந்த் கப்பல் சொல்லும். 1997-இல் ஓய்வு பெற்று, மும்பையிலே காட்சிக் கப்பலாக மிதந்து, 2014-இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது அது. பெயர் சொல்ல ஒரு மோட்டார் சைக்கிளின் தகடு மிச்சம்!

கடைசியாக ஒன்று; இதுவே தலையாயது. காட்சிச்சாலை உண்மை பேசவேண்டும். போருக்குப் பூசை செய்யும் மண்டபமாக அது ஆகிவிடக் கூடாது. மிக் விமானத்தின் வீரத்தை எழுதுங்கள். பக்கத்திலேயே அதன் விலையையும் எழுதுங்கள். 2012-இல் நாடாளுமன்றத்திலே அமைச்சர் அந்தோணி தந்த கணக்கு இது: வாங்கிய 872 மிக் விமானங்களிலே, 482 விபத்துகளில் அழிந்தன, 171 விமானிகளும், பொதுமக்கள் 39 பேரும், பிற படைத்துறையினர் 8 பேரும் மாண்டனர். இதை மறைத்துவிட்டு வண்ணம் பூசினால், அது காட்சிச்சாலையாகாது, கண்காட்சிப் பந்தல்!

பெயர்களையும் எழுதுங்கள். பறந்தவன் பெயர் மட்டும் போதாது. எண்ணெய் ஊற்றியவன், எஞ்சின் கழற்றியவன் பெயரும் வேண்டும். இது தஞ்சைக்குப் புதிதா? பெரிய கோவிலைக் கட்டிய இராசராசன், தன் பெயரை மட்டுமா கல்லிலே வெட்டினான்? ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களையும், யாருக்கு எந்த வீடு என்பதையும் வெட்டி வைத்தானே! ஆயிரம் ஆண்டுக்கு முன்னே கல்லுக்குத் தெரிந்த முறைமை, இன்று பலகைக்குத் தெரியாதா?

ஆகவே கேட்கிறோம். மாநில அரசு, பேருந்து போகும் இடமாகப் பார்த்து நிலம் தரட்டும். விமானப்படை, தன் ஓய்வு விமானங்களிலே சிலவற்றைத் தரட்டும். ஓய்வு பெற்ற விமானப்படைத் தொழில்நுட்பர்கள், கைபிடித்து விளக்கம் சொல்லட்டும். விளக்கம் தமிழிலே இருக்கட்டும். அரசுப் பள்ளி மாணவருக்கு நுழைவுக் கட்டணம் இல்லாதிருக்கட்டும்.

திருவெண்காட்டு மண்ணுக்குள் புதைந்து கிடந்த செப்புத் திருமேனிகளை எடுத்து, தஞ்சைக் கலைக்கூடத்திலே நிறுத்தினோம். உலகம் வந்து பார்க்கிறது. புதைந்ததை எடுத்துக் காக்கத் தெரிந்த ஊர் இது. புதைக்கப்படும் முன்னே காக்கவும் கற்றுக்கொள்ளட்டும். உலோகம் காத்திருக்காது, தோழர்களே; துரு ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறது!