விரிகிற பிரபஞ்சமும் பொட்டிப்புரமும்

கம்பத்தில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. உலகமே அதோடு முடிந்த மாதிரி இருக்கும். ஐன்ஸ்டீனுக்கும் பிரபஞ்சத்தைப் பற்றி கிட்டத்தட்ட இப்படி ஒரு எண்ணம்தான்! அது விரியாது, சுருங்காது என்று நம்பி 1917-ல் தன் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார். 1929-ல் தொலைதூர விண்மீன் மண்டலங்கள் விலகிப் போவதை ஹபிள் காட்டினார். 1931-ல் ஐன்ஸ்டீன் மாறிலியைக் கைவிட்டார். 1998-ல், விரிவு வேகமெடுப்பது தெரிந்ததும், அதே மாறிலி திரும்பி வந்தது. எண்ணத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பதுதான் படிப்பு என்று எனக்குப் படுகிறது.

நம்ம தேனி மாவட்டத்தில் அந்தப் படிப்புக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பொட்டிப்புரம் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம், 50,000 டன் இரும்பில் ஒரு கருவி என்று திட்டம். 2022-ல் தமிழக அரசு, அனுமதி தர முடியாது என உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

"நீ ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்பவர்கள் அதிகம். "அது என்ன?" என்று கேட்பவர்கள் குறைவு. சூரியனிலிருந்து மட்டும் நொடிக்கு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம்மைத் துளைத்துப் போகின்றன. நமக்கு ஒன்றும் ஆவதில்லை. எனவே நியூட்ரினோவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மலையைக் குடைந்தால் ஊற்று என்னாகும், காட்டு விலங்குகளின் வழி என்னாகும் என்று கேட்பவரை "அறிவியல் தெரியாதவர்" என்று ஒதுக்குவது அநியாயம். அதுவும் அறிவியல் கேள்விதானே?

ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும், இந்த இரண்டையும் சேர்த்தே நம்ம பள்ளிக்கூடங்களில் பேசலாம். என்ன சொல்றீங்க?