எறிய ஆள் உண்டு, அடிக்க ஆள் இல்லை

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் இரு பிரிவுகளுள் ஒன்றான நேஷனல் லீகில் ஒரு பருவத்தின் தலைசிறந்த பந்தெறிவாளருக்கு வழங்கப்படும் சை யங் விருது, 2025ஆம் ஆண்டுக்குப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் இருபத்து மூன்று வயது பால் ஸ்கீன்ஸுக்கு, வாக்களித்த அனைவரின் முதலிட வாக்குகளோடும் கிடைத்திருக்கிறது. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட முழு ஆட்டம் ஒன்றுக்கு ஒரு பந்தெறிவாளர் சராசரியாக எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுக்கிறார் என்பதை, சக வீரர்களின் பிழையால் விளைந்தவற்றை நீக்கிக் கணக்கிடும் அளவுகோலுக்கு ஈ.ஆர்.ஏ. என்று பெயர், ஸ்கீன்ஸின் ஈ.ஆர்.ஏ. 1.97, முப்பது அணிகளின் முதன்மைப் பந்தெறிவாளர்களிலும் இதுவே மிகக் குறைவு. ஆனால் அதே பருவத்தில் அவர் பெயரில் பதிவான வெற்றிகள் 10, தோல்விகளும் 10. பேஸ்பாலில் பந்தெறிவாளரின் வெற்றி என்பது அவர் எறியும் பந்தை மட்டும் பொறுத்ததன்று, அவருடைய அணி அடித்துச் சேர்க்கும் ஓட்டங்களையும் பொறுத்தது என்பதால், இந்தக் கணக்கில் உள்ள குறை ஸ்கீன்ஸின் குறையாகாது. அவரைச் சுற்றி ஓர் அணியைக் கட்டத் தவறியவர்களின் குறையாகும்.

அந்தத் தவறின் அளவை எண்களே சொல்லிவிடுகின்றன. 162 ஆட்டங்களில் பைரேட்ஸ் எடுத்த ஓட்டங்கள் 583, ஆட்டத்துக்கு நான்குகூட இல்லை; முப்பது அணிகளில் இதைவிடக் குறைவாக எடுத்த அணி வேறில்லை. பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அனுப்பும் ஹோம்ரன்களிலும் 117 என்ற எண்ணோடு அதுவே கடைசி அணி. சியாட்டில் மரினர்ஸ் அணியின் கேல் ராலி தனி ஒருவராக 60 ஹோம்ரன்கள் அடித்த ஆண்டு இது என்பதை நினைத்தால், ஓர் அணி முழுவதும் சேர்ந்து ஒரு மனிதர் அடித்ததில் இரு மடங்கைக்கூட எட்டவில்லை என்பது விளங்கும். 71 வெற்றி, 91 தோல்வி என்ற முடிவு இந்த அடிப்படையில் எழுந்ததே. மே மாதத்தில், அணி 12 வெற்றி 26 தோல்வி என்று நின்றபோது மேலாளர் டெரெக் ஷெல்டன் நீக்கப்பட்டு, பிட்ஸ்பர்க் வட்டாரத்தைச் சேர்ந்த டான் கெல்லி அமர்த்தப்பட்டார். அவருக்குக் கீழ் ஆட்டம் ஓரளவு சீர்ப்பட்டு 59 வெற்றி, 65 தோல்வி என்றாயிற்று. ஆயினும் களத்தில் நிற்கும் மேலாளர் தமக்குத் தரப்பட்ட மட்டையாளர்களைக் கொண்டுதான் ஆட முடியும்.

வெங்கடேசுவரர் கோயிலால் தமிழர் பலருக்கும் அறிமுகமான பிட்ஸ்பர்கின் இந்த அணி நேற்று முளைத்ததன்று. 1887 முதல் நேஷனல் லீகில் ஆடிவரும் பைரேட்ஸ், 1909, 1925, 1960, 1971, 1979 ஆகிய ஆண்டுகளில் வேர்ல்ட் சீரிஸ் எனப்படும் இறுதித் தொடரை வென்றது. 1971 செப்டம்பர் 1 அன்று, தொடக்க வரிசையில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வீரர்களை மட்டுமே கொண்டு களமிறங்கிய முதல் மேஜர் லீக் அணி என்ற பெருமையும் அதற்கு உண்டு. 2008இல் உத்தரப் பிரதேசத்து இளைஞர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரையும் ஒப்பந்தம் செய்து, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் முதன்முதலாக இந்தியர்களுக்கு இடமளித்ததும் இதே அணிதான், ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ திரைப்படம் அவர்களுடைய கதையே. இத்தகைய மரபுள்ள அணி, 1992இல் அதன் நட்சத்திர மட்டையாளர் பாரி பாண்ட்ஸ் விலகிச் சென்ற பிறகு, 1993 முதல் 2012 வரை இருபது பருவங்கள் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வியே மிகுதியாகக் கண்டது. வட அமெரிக்கப் பெருவிளையாட்டுகளில் வேறெந்த அணியும் இவ்வளவு நீண்ட தாழ்வைச் சந்தித்ததில்லை. 2013 முதல் 2015 வரை மூன்றாண்டுகள் பிளேஆஃப் எனப்படும் இறுதிச் சுற்றுகளுக்குச் சென்றதோடு அந்த மீட்சி முடிந்தது.

இப்போதைய தேவை மறைபொருளன்று. ஆட்டங்கள் இல்லாத இந்தக் குளிர்காலத்தில்தான் அணிகள் வீரர்களை விலைக்கு எடுக்கின்றன, மாற்றிக்கொள்கின்றன. மூன்றாம் தளத்தைக் காத்த கெபிரையன் ஹேஸ் ஜூலை மாதத்தில் சின்சினாட்டிக்கு மாற்றப்பட்டதால் அங்கு நிலையான ஆள் இல்லை. இடப்புற வெளிக்களத்திலும், களக்காப்பில் ஈடுபடாமல் மட்டை மட்டும் பிடிக்கும் ‘டெசிக்னேட்டட் ஹிட்டர்’ இடத்திலும் வலுவான அடி வேண்டும்; அந்த இடத்தில் ஆடிய ஆண்ட்ரூ மெக்கட்சன் இந்நகரத்தின் அன்புக்குரியவர் என்பதில் ஐயமில்லை, ஆனால் அவருக்கு முப்பத்தொன்பது வயது. நடுக்களத்து ஒனீல் குரூஸ் 20 ஹோம்ரன்களும் 38 தளத் திருட்டுகளும் செய்தும் அடிச் சராசரி .200இல் நின்றுவிட்டார். ஷார்ட்ஸ்டாப் இடத்துக்குரிய பத்தொன்பது வயது கானர் கிரிஃபின், கீழ்நிலை லீகுகளில் .333 சராசரியும் 21 ஹோம்ரன்களும் 65 தளத் திருட்டுகளும் காட்டி நாடு முழுவதும் பேசப்படும் இளைஞராகியிருக்கிறார்; எனினும் 2025 முடிய மேஜர் லீகில் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காதவரின் தோளில் ஓர் அணியின் பசியை ஏற்றுவது அவருக்கும் நல்லதன்று.

எத்தகைய மட்டையாளர் வேண்டும் என்பதை மைதானமே சொல்கிறது. அலிகெனி ஆற்றங்கரையில் 2001இல் திறக்கப்பட்ட பி.என்.சி. பார்க்கில் இடப்புற நடுவெளியின் ஆழம் 410 அடி; வலக்கை மட்டையாளர் ஓங்கி அடிக்கும் பந்துகள் பல அங்கே பிடிபட்டு வீழ்கின்றன. வலப்புற மூலையோ 320 அடிதான், அதற்கு மேல் 21 அடி உயரச் சுவர். இடக்கை மட்டையாளருக்கு இசைவான இந்த அமைப்பு கால் நூற்றாண்டாகக் கண்முன் இருந்தும், அதற்கேற்ற ஆற்றல் மிக்க இடக்கையர் இருவரையேனும் தேடி வைத்துக்கொள்ளாதது வறுமையால் மட்டும் நேர்ந்திருக்க முடியாது. பந்தெறிவாளர்களை உருவாக்குவதில் பொது மேலாளர் பென் செரிங்டனின் குழு உண்மையாகவே வெற்றி கண்டிருக்கிறது. ஸ்கீன்ஸோடு பப்பா சாண்ட்லர், காயத்திலிருந்து மீண்டுவரும் ஜாரெட் ஜோன்ஸ், ஒப்பந்தத்தில் உள்ள மிட்ச் கெல்லர் என்று அந்த வரிசை நீள்கிறது. மிகுந்திருக்கும் இந்தச் செல்வத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து மட்டையாளரை வாங்குவது வலிக்கும், ஆனால் செய்யத்தக்கது. அதே வேளையில், செரிங்டன் பொறுப்பேற்ற பிறகான ஆறு பருவங்களில் ஒன்றில்கூட அணியின் வெற்றிகள் தோல்விகளை மிஞ்சவில்லை என்பதையும், அப்படியிருந்தும் அவர் பதவியில் தொடர்கிறார் என்பதையும் ரசிகர்கள் மறக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இதற்கெல்லாம் மேலாக ஒரு வழக்கம் உண்டு, அதுவே இந்த அணியின் நோய். ஆறு பருவங்கள் பணியாற்றி முடித்து, விரும்பும் அணியோடு சேரும் உரிமை பெற்ற வீரரை ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்பர். அத்தகையோர் எவருக்கும் 2016 டிசம்பருக்குப் பின் வந்த எட்டுக் குளிர்காலங்களில் பைரேட்ஸ் ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் அளித்ததில்லை. தன் வீரர்களான பிரையன் ரெய்னால்ட்ஸுக்கு எட்டாண்டுகளுக்கு 10.675 கோடி டாலரும், கெல்லருக்கு ஐந்தாண்டுகளுக்கு 7.7 கோடி டாலரும் கொடுத்து நிறுத்திவைத்தது பாராட்டுக்குரியதே. ஆனால் வெளியிலிருந்து வருவோர் எல்லாரும் ஓராண்டுக்கு ஒட்டுப்போட வந்தவர்கள்; பெரும்பாலும் இளமை கடந்தவர்கள்; ஜூலையில் வேறோர் அணி கேட்டால் அனுப்பப்படுபவர்கள். 2015இல் 98 வெற்றிகள் பெற்று உச்சத்தில் நின்றபோதும் அடுத்த குளிர்காலத்தில் நிர்வாகம் கையை இறுக்கிக்கொண்டது. பிட்ஸ்பர்க் மண்ணின் மைந்தரான நீல் வாக்கரை மெட்ஸ் அணிக்கு மாற்றிவிட்டு, எளிய விலையில் கிடைத்தவர்களைக் கொண்டு வரிசையை நிரப்பியது. 2016இல் வெற்றிகள் 78 ஆகச் சுருங்கின. கையில் வெற்றி இருந்த நாளிலும் செலவிடாத நிர்வாகம், இல்லாத நாளில் ‘காலம் கனியட்டும்’ என்று சொன்னால் அதை நம்ப எவரிடமும் பொறுமை மிஞ்சியிருக்காது.

உரிமையாளர் தரப்பின் வாதத்தை அதற்குரிய மதிப்போடு கேட்க வேண்டும். பேஸ்பாலில் அணிகளின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை, அடிவரம்பும் இல்லை. உள்ளூர்த் தொலைக்காட்சி உரிமையே வருவாயின் பெரும் ஊற்று. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் இருக்க, பிட்ஸ்பர்கின் உள்ளூர் விளையாட்டு அலைவரிசையையோ அதன் உரிமையாளர் 2023இல் கைவிட, வேறோர் ஏற்பாட்டுக்கு மாற வேண்டியதாயிற்று. தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக வேர்ல்ட் சீரிஸை வென்ற டாட்ஜர்ஸின் சம்பளப் பட்டியல் 30 கோடி டாலரைத் தாண்டியது, பைரேட்ஸின் பட்டியல் ஒன்பது கோடி டாலரை ஒட்டி நின்றது. இவ்வளவும் உண்மை. எனினும் அதே பிரிவில் ஆடும், பிட்ஸ்பர்கைவிடச் சிறிய பெருநகர வட்டாரத்தைச் சேர்ந்த மில்வாக்கி புரூவர்ஸ் 2025இல் 97 வெற்றிகளோடு முப்பது அணிகளிலும் முதலிடம் பெற்றதும், 2018 முதல் எட்டுப் பருவங்களில் ஏழில் இறுதிச் சுற்றுகளுக்குச் சென்றதும் உண்மையே. புரூவர்ஸ் எல்லாரையும் தக்கவைத்துக்கொள்ளவில்லை. விலைமிக்க பந்தெறிவாளர்களை விற்றார்கள். ஆனால் கிறிஸ்டியன் யெலிச்சை ஒன்பது ஆண்டுகளுக்கு 21.5 கோடி டாலர் கொடுத்து நிறுத்தினார்கள், 2025 வரையிலான பைரேட்ஸின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தமான ரெய்னால்ட்ஸுடையது அதில் பாதியைக்கூட எட்டவில்லை. சிறிய நகரம் என்பது ஒரு நிலைமை. அதைத் தலைவிதியாக்கியது நிர்வாகத்தின் தெரிவு.

மேலும், சிறிய நகர அணிகளின் நிலையை உணர்ந்தே வருவாய்ப் பகிர்வு என்ற முறை வகுக்கப்பட்டது. ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் நிகர வருவாயில் 48 விழுக்காட்டைப் பொது நிதியில் செலுத்த, அது முப்பது அணிகளுக்கும் சமமாகப் பிரித்தளிக்கப்படுகிறது. குறைவாக ஈட்டும் அணி செலுத்தியதைவிடக் கூடுதலாகப் பெறுகிறது. அப்படிப் பெற்ற பணத்தைக் களத்தில் ஆட்டத்தை மேம்படுத்தவே செலவிட வேண்டும் என்று லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் விதிக்கிறது. இந்த விதி காக்கப்படவில்லை என்று 2018இல் வீரர் சங்கம் முறையிட்ட நான்கு அணிகளுள் பைரேட்ஸும் ஒன்று. அணியின் கணக்குகள் பொதுவெளிக்கு வருவதில்லை. பி.என்.சி. பார்க் பெரும்பகுதி பொதுப்பணத்தில் எழுந்தது. அதுவும், அதற்கென விற்பனை வரி விதிக்கும் யோசனையை 1997இல் வாக்காளர்கள் தோற்கடித்த பிறகு, மாற்று வழியில் திரட்டிய பணத்தில் எழுந்தது. மக்கள் பணத்தில் வீடு கட்டிக்கொண்ட நிறுவனம், பகிர்வு நிதியில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று சொல்லக் கடமைப்பட்டது.

ஆகவே ரசிகர்களின் சினத்தை வெறும் கூச்சலென ஒதுக்க முடியாது. 2025 ஏப்ரலில் பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்திலேயே ‘அணியை விற்றுவிடு’ என்ற முழக்கம் அரங்கில் எழுந்தது. 2007 முதல் முதன்மை உரிமையாளராக இருக்கும் பாப் நட்டிங்கை நோக்கியது அது. அதே நாள்களில், வலப்புறச் சுவரில் பைரேட்ஸின் மறைந்த வீரர் ராபர்ட்டோ கிளமென்டேயின் 21ஆம் எண் இருந்த இடத்தை ஒரு மதுபான விளம்பரம் மறைத்திருந்தது தெரியவந்தது. ‘ஹிட்’ எனப்படும் வெற்றிகரமான மட்டையடிகள் சரியாக 3,000 என்ற எண்ணோடு தம் ஆட்ட வாழ்வை நிறைவுசெய்து, 1972 டிசம்பர் 31 அன்று நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டோருக்கு உதவிப் பொருள்களை ஏற்றிச் சென்ற விமானம் விழுந்து உயிர்நீத்தவர் கிளமென்டே. அந்தச் சுவரின் 21 அடி உயரமே அவருடைய எண்ணைப் போற்றி வைத்தது. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு எண்ணை மீண்டும் அமைத்தது. அந்த வடு ஆறும் முன்னரே, மைதானம் திறக்கப்பட்ட காலத்தில் ரசிகர்கள் பணம் செலுத்தித் தம் குடும்பத்தார் பெயர்களைப் பொறித்துப் பதித்த செங்கற்கள் பெயர்க்கப்பட்டு மறுசுழற்சிக் கிடங்கில் கிடந்த செய்தி வந்தது. தந்தை பெயரைப் பொறித்த கல்லைக் குப்பைமேட்டுப் படத்தில் தேட நேர்ந்தவரிடம் போய் வருவாய்க் கணக்கு பேசுவது பொருந்தாது.

விற்கச் சொல்லும் முழக்கத்தில் நியாயம் இருந்தாலும், விற்பதா வேண்டாமா என்பது உரிமையாளரின் விருப்பத்துக்கு உட்பட்டது; இந்தக் குளிர்காலத்தில் அவரிடம் உறுதியாகக் கேட்கத்தக்கது வேறு. இடக்கை ஆற்றல் கொண்ட மட்டையாளர் ஒருவருக்கேனும் பல ஆண்டு ஒப்பந்தம் அளிக்க வேண்டும். பந்தெறிவாளர் மிகையிலிருந்து ஒருவரைக் கொடுத்து இன்னொரு நிலையான மட்டையாளரைப் பெற வேண்டும். சொந்த ஊர்க்காரரான டேவிட் பெட்னர் யாங்கீஸுக்கு மாற்றப்பட்டதால் வெறுமையான இறுதி இன்னிங்ஸ் பந்தெறிவாளர் இடத்தை நிரப்ப வேண்டும். லீகின் பொறுப்பும் குறைந்ததன்று. 2026 டிசம்பர் 1 அன்று கூட்டு ஒப்பந்தம் முடிவுக்கு வருகிறது. புதிய ஒப்பந்தத்தில் சம்பள உச்சவரம்பை மட்டும் கேட்கும் உரிமையாளர்கள், ஒவ்வோர் அணியும் செலவிட்டே தீர வேண்டிய அடிவரம்பையும் ஏற்க வேண்டும். பி.என்.சி. பார்க்குக்கு அருகே ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸும், நகரின் ஐஸ் ஹாக்கி அணியான பெங்குவின்ஸும் அத்தகைய இரு வரம்புகளும் உள்ள லீகுகளில் ஆடியே கோப்பைகளை வென்று பிட்ஸ்பர்குக்குக் கொண்டுவந்தன.

புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில் 2011இல் முதல் தேர்வாகப் பைரேட்ஸ் எடுத்த பந்தெறிவாளர் கெரிட் கோல், 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்கு மாற்றப்பட்டு, பின்னர் யாங்கீஸ் அணியில் 32.4 கோடி டாலர் ஒப்பந்தமும் சை யங் விருதும் பெற்றார். 2023இல் அதே போல் முதல் தேர்வாக வந்த ஸ்கீன்ஸ் 2025இல் பெற்ற சம்பளம் 8,75,000 டாலர். அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆவது 2029 பருவத்தின் முடிவில். பைரேட்ஸுக்கு அவரோடு மிஞ்சியிருப்பவை நான்கு பருவங்கள். அவற்றுள் முதலாவதற்கான மட்டையாளர்களைத் தேடும் பேரம் 2025 டிசம்பர் 7 அன்று ஆர்லாண்டோவில் கூடும் அணி நிர்வாகிகளின் குளிர்காலக் கூட்டத்தில் சூடுபிடிக்கும். நட்டிங் அங்கே தம் பொது மேலாளரைப் பணத்தோடு அனுப்ப வேண்டும்.