பொய்ச் சுவரும் மெய்ச் சுவரும்

யாழ்ப்பாணத்தில் வீட்டுச் சுவருக்கு இரண்டு வேலை. ஒன்று கூரையைத் தாங்குவது. மற்றது ஊருக்குக் கதை சொல்வது. "அவையின்ர வீட்டுக்கு டைல்ஸ் பதிச்சாச்சோ?", "முன்பக்கச் சுவருக்குக் கல் ஒட்டினவையாம்" என்று ஒழுங்கை முழுக்கப் பேச்சு ஓடும். பெண் பிள்ளைக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுக்கிற வழக்கம் இன்னும் சாகாத ஊர் இது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் பிள்ளையைப் பார்க்கிறதோடு சுவரையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அதனால்தான் சுவரை மாபிள் மாதிரியோ, மரம் மாதிரியோ, பழைய கல் மாதிரியோ நாங்களே பெயின்றால் பூசுகிற கலையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தோம். இதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ஃபோ ஃபினிஷ். ஃபோ என்றால் பிரெஞ்சு மொழியில் பொய். பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிற கலை.

இதைப் பற்றிக் கதைத்தால் இரண்டு மறுப்பு உடனே வரும். ஒன்று, "அது டூப்ளிக்கேட் தானே?" மற்றது, "காசு கூடின ஆக்களின்ர விளையாட்டு." இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

முதலாவதை எடுப்போம். ஈராயிரம் வருசத்துக்கு முன்னமே பொம்பேயி நகரத்து வீடுகளில் சுண்ணச் சாந்தைப் பூசி, நிறமடித்து, மாபிள் பலகை பதித்தது போலக் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் தூரத்துக்குக் கல் போலத் தெரியும். மேலே இருப்பது சாந்துப் பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்துப் பூசித்தான் அந்த மினுக்கத்தைக் கொண்டுவந்தார்கள். கல்லுக்கு வழியில்லாதவன் செய்த வேலையில்லை இது, அரசன் செய்வித்த வேலை. அங்கே பொருள் எது என்பதைவிடக் கை என்ன செய்தது என்பதுதான் பெரிது.

எங்கட அம்மம்மாமாரும் இதைச் செய்தவர்கள்தான். மண் வீட்டைச் சாணமிட்டு மெழுகும்போது கையை அரைவட்டமாக இழுத்து இழுத்து வருவார்கள். காய்ந்த பிறகு விசிறி விரித்த மாதிரி வரிசையாகத் தடம் நிற்கும். இன்று துணியைச் சுருட்டி ஈரப் பெயின்றில் ஒற்றி எடுக்கிற முறையைப் புதுக்கலை என்று காணொளியில் காட்டுகிறார்கள். மெழுகின கைக்கு அது புதிதில்லை. அந்த வேலைக்குக் கலை என்று ஒருத்தரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்பு காசு. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 5,50,000 ரூபாய். அந்தக் காசில் கட்டத் தொடங்கி, கடன்பட்டு முடித்தவர்கள் எத்தனையோ பேர். முடிக்க முடியாமல் உள்பூச்சு இல்லாத புளொக் கல்லோடு வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். பூச்சே இல்லாத சுவருக்கு மாபிள் நிறம் அடி என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. நாங்கள் கதைக்கிறது பூச்சு முடிந்த பிறகு, ஊருக்குப் பயந்து அடுத்த கடனை எடுக்கப் போகிறவர்களோடு. கல் பலகைக்கும் டெக்ஸ்சர் பூச்சுக்கும் பிள்ளையின் பெயரால் கடன் வாங்கி, அதைப் பிறகு அந்தப் பிள்ளையே கட்டுகிற கதை எங்கட வகுப்பறைகளிலும் இருக்கிறது. 2022க்குப் பிறகு எல்லாச் சாமானும் ஏறிக் கிடக்கிற காலத்தில், ஒரு சுவருக்குக் கொஞ்சம் எமல்சனும் ஒரு ஸ்பொஞ்சும் போதும் என்பது சின்ன விசயமில்லை.

செய்கிற முறையும் கஷ்டமில்லை. மாரியில், ஐப்பசி முதல் மார்கழி வரை, தொடவே வேண்டாம். சுவர் ஈரம் குடித்திருக்கும். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் ஒரு மாதமாவது காய விடுங்கள். உரிந்த பெயின்றைச் சுரண்டி, வெடிப்பை அடைத்து, பிறைமர் பூசி, மெல்லிய நிறத்தில் அடிப்பூச்சு அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்த பின், அதே நிறத்தில் ஒரு படி கடுமையானதைத் தண்ணீர் விட்டு இளக்கி, நனைத்துப் பிழிந்த ஸ்பொஞ்சில் தொட்டு, முதலில் பழைய கடதாசியில் ஒற்றிவிட்டுச் சுவரில் ஒற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்பொஞ்சைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே முத்திரை குத்தின மாதிரி இருக்கும். முதல் பாடத்தை அலுமாரிக்குப் பின்னால் இருக்கிற மூலையில் படியுங்கள். மாபிள் ரேகை கீறுவது இதெல்லாம் கைவந்த பிறகு. ரேகை சரிவாக ஓட வேண்டும், ஈரம் காயுமுன் மெல்லிய பிறஷால் அதன் ஓரத்தைக் கலைத்துவிட வேண்டும். கோடு கோடாக நின்றால் அது மாபிள் இல்லை, வரைபடம். பழைய எனாமலைக் காய்ந்தபடி உரஞ்சாதீர்கள், அந்தத் தூசியில் ஈயம் இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் இன்னும் கவனம்.

ஆனால் எல்லாச் சுவரிலும் இதைச் செய்யலாமா? கூடாது. இங்கேதான் எங்களுக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது.

குடாநாட்டின் பழைய வீடுகள் சுண்ணாம்புக் கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் எழும்பினவை. அந்தச் சுவர் மூச்சு விடும். ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் பிளாஸ்ரிக் பெயின்றை அப்பினால் ஈரம் உள்ளே மாட்டி, உப்புப் பூத்து, பூச்சோடு சேர்ந்து உதிரும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பே போதும். மெய்யைத் தோண்டிவிட்டு அதே இடத்தில் பொய்யைப் பூசுவது கலையில்லை.

இன்னொன்று, இந்த ஊரில் சுவர்கள் சும்மா சுவர்கள் இல்லை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ் பொது நூலகம் இன்று வெள்ளை வெளேரென்று நிற்கிறது. எரிந்த தடத்தை நினைவாக விட்டிருக்கலாமே என்ற வாதமும் திருத்தின காலத்திலேயே இருந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் விட்டுப்போன வீடுகளின் நினைவை ஆக்கள் இன்றும் காவிக்கொண்டு திரிகிறார்கள். ஓவியர் சனாதனன் 2011இல் வெளியிட்ட முடிவுறாத தோம்பு, இழந்த வீடுகளை ஆக்களின் நினைவிலிருந்தே வரைபடங்களாகச் சேர்த்த புத்தகம். வீட்டைத் தொலைத்தவர்களுக்குச் சுவரின் ஒவ்வொரு மூலையும் ஞாபகம்.

ஆகவே ஷெல் துண்டு பட்ட தடமோ, தாத்தா உயரம் அளந்து கீறின கோடோ சுவரில் இருந்தால், ஃபில்லரைக் குழைக்கும் முன் வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "மூடு பிள்ளை, அதைப் பாக்கேலாது" என்றால் மூடுங்கள். அது அவர்களின் உரிமை. "கிடக்கட்டும்" என்றால் அதைச் சுற்றிப் பூசுங்கள். ஸ்பொஞ்சுக்கு அதுவும் ஏலும்.

மற்றச் சுவர்களில் தாராளமாகப் பொய் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பொய் சம்பந்தம் பேச வாறவைக்காக இருக்க வேண்டாம். அந்தச் சுவருக்குக் கீழே படுத்து எழும்புகிற ஆளுக்குப் பிடித்த நிறமாக இருக்கட்டும். வீடு யாருடைய பெயரில் எழுதப்படுகிறதோ, நிறத்தைத் தெரிகிற உரிமையையும் அவளிடமே கொடுங்கள்.