பெரம்பலூரில் ஒரு 'செந்நிறப் பாலை': காரைக்கு நடக்கப் போகிறீர்களா? தண்ணீரோடு போங்கள், கல்லை விட்டுவிட்டு வாருங்கள்!

செக்கச்சிவந்த மேடுகள், நடுவே வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள், ஆங்காங்கே சில முட்செடிகள். இணையத்தில் இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள், "இது ராஜஸ்தானா?" என்று கேட்கிறார்கள். இல்லை, நம்ம பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்தில் உள்ள காரை கிராமத்தை ஒட்டிய நிலம்தான் இது.

பார்க்கப் பாலைவனம் போல இருந்தாலும், மழையில்லாமல் காய்ந்துபோன நிலம் அல்ல இது. இதைச் செதுக்கியதே மழைதான். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த களிமண்தான் இன்றைய மேடுகள். ஒவ்வொரு மழையும் மேல்மண்ணை அரித்துச் செல்வதால், செடிகள் வேர்பிடிக்க முடிவதில்லை. இப்படிப்பட்ட நிலத்தை 'பேட்லேண்ட்ஸ்' என்கிறார்கள் புவியியலாளர்கள்.

நிழல் இல்லை, குடிநீர் இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி பள்ளங்கள். இந்த மூன்றையும் மனதில் வைத்துத் திட்டமிட்டால், குடும்பத்தோடு அருமையான ஒரு காலை நடை நிச்சயம்.

எப்போது போகலாம்?

மழைக்காலம் முடிந்த பிறகு, ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்ற மாதங்கள். காலை ஆறரைக்கு நடக்க ஆரம்பித்து, ஒன்பதரைக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். இளவெயிலில்தான் சிவப்பும் மஞ்சளும் எடுப்பாகத் தெரியும், படங்களும் நன்றாக வரும். ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். மழை பெய்திருந்தால் இரண்டு, மூன்று நாள் பொறுங்கள். ஈரக் களிமண் காலை வாரிவிடும்.

என்ன எடுத்துப்போவது?

பெரியவர் ஒருவருக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர். கூடவே உப்பு போட்ட மோர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கடலை மிட்டாய், தொப்பி, முழுக்கை பருத்திச் சட்டை, அடிப்பாகம் வழுக்காத ஷூ. செருப்பு உதவாது. தரையில் கண்ணாடித் துண்டு போல மின்னும் ஜிப்சம் சில்லுகள் காலைக் கிழிக்கும். முக்கியமான ஒரு விதி: பாட்டிலில் பாதித் தண்ணீர் தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். 'இன்னும் ஒரு மேடுதானே' என்ற ஆசைதான் ஆபத்து.

வழி தவறாமல் இருக்க

மேப்பில் 'காரை' என்று மட்டும் தேடினால் வேறு ஊரைக் காட்டக்கூடும். ஆலத்தூர், பெரம்பலூர் என்றும் சேர்த்துத் தேடுங்கள். வண்டி நிற்கும் இடத்தை போனில் குறித்துவைத்து, மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஊர்க்காரர்களிடம் வழி கேட்டு, பயிர் உள்ள நிலத்தை மிதிக்காமல் செல்லுங்கள்.

மேட்டின் விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். மேலே உறுதியாகத் தெரியும் மண், அடியில் அரித்துப்போயிருக்கலாம். வானம் இருட்டினால் பள்ளத்தை விட்டு உடனே மேலே ஏறுங்கள். அரியலூர் பக்கம் சென்றால், சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளில் தேங்கிய நீரில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். ஓரத்திலேயே ஆழம் அதிகம்.

வெயில் தாக்கினால்...

தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் நடையை நிறுத்தி, குடை விரித்து உட்காரவைத்து, மோரோ ஓ.ஆர்.எஸ்.ஸோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கல்லை எடுக்காதீர்கள்

துப்பாக்கித் தோட்டா போன்ற சிறு கற்கள் தரையில் கிடக்கும். கணவாய் மீன் போன்ற, அழிந்துபோன 'பெலம்னைட்' என்ற கடல் உயிரினத்தின் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி அது. பிள்ளைகள் ஆசையாக எடுத்துப் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும். பிறகு எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் புதைபடிவத்தின் வயதைக் கணிக்கிறார்கள். வீட்டு ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். இந்தப் பகுதியின் பாறைகளைப் பற்றி பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் 1862-லேயே விரிவாக எழுதினார். ஆய்வாளர்கள் இன்றும் வருகிறார்கள். அவர்களுக்கு அந்தக் கல் அங்கேயே இருக்க வேண்டும்.

புதைபடிவங்களை நிதானமாகப் பார்க்க ஆசையா? வெயில் ஏறியதும் அருகிலுள்ள சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குச் செல்லலாம். அங்கே 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள, கல்லாகிப்போன மரத்தைப் பார்க்கலாம். எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் வெளியுலகுக்குச் சொன்ன இந்த மரம், இன்று தேசிய புவியியல் நினைவுச்சின்னம். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. நடக்க முடியாத தாத்தா பாட்டிக்கும் இந்த இரண்டு இடங்களும் ஏற்றவை.

காலி பாட்டிலையும் பிஸ்கட் கவரையும் மறக்காமல் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அடுத்த ஞாயிறு வரும் குடும்பமும் அந்தச் செம்மண்ணை அப்படியே பார்க்கட்டும்.