பல்லில்லாப் புலி என்று நகைப்போர்க்கு



தமிழ்ப்பள்ளிகளில் புகார்க் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். அனுப்புநர், பெறுநர், நாள், 'குப்பை அகற்றப்படாமை தொடர்பாகப் புகார்' என்றொரு தலைப்பு, இறுதியில் 'தக்க நடவடிக்கை எடுப்பீர்கள் என நம்புகிறேன்'. மாணவரும் அழகுற எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அக்கடிதத்திற்கு மறுமொழியே வாராவிடின் என்ன செய்வது? அதை நாம் சொல்லித் தருவதில்லை. மறுமொழி தராத அலுவலகத்தை நோக்கி, 'ஏன் தரவில்லை?' என்று வினவுவதையே தொழிலாகக் கொண்டவர் ஒருவர் உண்டு. உலகம் அவரை ஒம்புட்ஸ்மன் என்கிறது.

அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவரிடம் ஓர் ஏளனச் சிரிப்புப் பிறக்கிறது. "அவரால் என்ன ஐயா செய்ய முடியும்? பரிந்துரைதானே! பல்லில்லாப் புலி!" என்பார்கள். படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். இக்கூற்றை நான் மறுக்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 'குறைதீர்ப்பாளர்' என்று வழங்குகின்றனர். இலங்கைத் தமிழில் 'குறைகேள் அதிகாரி' என்ற வழக்கு உண்டு. சுவீடிய மொழியில் அச்சொல்லுக்குப் 'பிறர் பொருட்டுச் செயற்படுபவர்', 'பேராளர்' என்பதே பொருள். 'தீர்ப்பாளர்' என்றவுடன் நம் மனத்தில் நீதிபதியின் உருவம் எழுகிறது. தீர்ப்பு வரும், தண்டனை வரும் என்று எதிர்பார்க்கிறோம். வாராதபோது பல்லில்லை என்கிறோம். பாதிக் குற்றம் மொழிபெயர்ப்பினுடையது! என்னைக் கேட்டால், 'குறைகேள்' என்னும் இலங்கை வழக்கே உண்மைக்கு நெருங்கியது.

இன்னொரு சாராரும் உளர். "ஒம்புட்ஸ்மனா? மனுநீதிச் சோழன் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியதே, அதனினும் பெரிதா?" என்று மார் தட்டுவர். மணியின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் மணியடித்த பசுவுக்கு முறை வழங்கியவன் மன்னனே. மன்னன் நல்லவனாய் இருந்தான், மணி பயன்பட்டது. அவன் செவிடனாய் இருந்திருந்தால்? ஒம்புட்ஸ்மன் என்ற ஏற்பாடு தோன்றியதே, மன்னனுக்கு வெளியே நின்று அவன் அலுவலரைக் கேட்க ஒருவர் வேண்டும் என்பதனால்தான். சுவீடன் 1809-இல் தன் அரசியலமைப்பில் இப்பதவியை எழுதி வைத்தது. 1810-இல் அந்நாட்டின் மக்கள் பேரவையே முதலாமவரைத் தேர்ந்தெடுத்தது. இன்றும் அங்கு நால்வரை நாடாளுமன்றந்தான் தேர்ந்தெடுக்கிறது.

சரி, நாள்தோறும் அவர் செய்யும் பணி என்ன? வீரச் செயல் எதுவுமில்லை. பெரும்பகுதி கோப்பு படித்தல். வந்த முறையீடு தம் எல்லைக்குள் வருகிறதா, முறையிட்டவர் முன்னதாக உரிய அலுவலகத்தை அணுகினாரா என்று பார்க்க வேண்டும். பின்னர் அவ்வலுவலகத்தின் கோப்பைக் கேட்டுப் பெற வேண்டும். விதி என்ன சொல்கிறது, நடந்தது என்ன, இடையில் எத்தனை நாள் கோப்பு எவர் மேசையில் கிடந்தது என்று வரிசைப்படுத்த வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்ட அலுவலரின் விளக்கத்தையும் கேட்க வேண்டும். அவர் பக்கம் நியாயமிருந்தால் முறையிட்டவரிடம் அதை நேராகச் சொல்லவும் வேண்டும். இந்தக் கடைசிப் பணிதான் மிகக் கடினமானது என்பது என் எண்ணம். அழுது வந்தவரிடம் 'உங்கள் பக்கம் நியாயமில்லை' என்று சொல்வது எளிதா? சில நாடுகளில் எவரும் முறையிடாமலே சிறைச்சாலைக்குள்ளும் மனநல மருத்துவமனைக்குள்ளும் நுழைந்து ஆய்வு செய்யும் அதிகாரமும் அவருக்கு உண்டு.

நானறிந்த ஒரு மாணவனின் தாய், அரசு உதவி ஒன்றிற்காக ஓர் அலுவலகத்திற்கு ஐந்து முறை அலைந்தார். ஒவ்வொரு முறையும் முகப்பிடத்தில் ஒவ்வொரு காரணம். ஒருநாள் படிவம் தவறு. மறுமுறை படிவம் சரி, கையொப்பம் தவறு. பின்னொரு நாள் 'அதிகாரி இல்லை'. 'இல்லை' என்று எழுத்தில் தருவாரும் இல்லை. எழுத்தில் மறுத்தாலன்றோ மேல்முறையீடு செய்யலாம்? நாட்கூலியை இழந்து அலைந்த அத்தாய், ஆறாம் முறை போகவில்லை. இங்கே கையூட்டு இல்லை, சட்டமீறல் என்று நீதிமன்றம் ஏறவும் வழியில்லை. ஊழல் தடுப்பு அதிகாரிக்கும் வேலையில்லை, வழக்கறிஞருக்கும் வேலையில்லை. வேலை உள்ளவர் ஒருவரே. அவருக்கும் அந்த உதவியைத் தம் கையால் வழங்கும் அதிகாரம் இராது. 'இக்கோப்பு எங்கே? காரணத்தை எழுத்தில் தருக' என்று அவர் ஒரு மடல் எழுதினால் போதும். அதற்குப் பல் எதற்கு?

பரிந்துரை மட்டும் என்பதில் ஒரு நுட்பமும் உண்டு. கட்டளையிடும் அதிகாரம் வந்துவிட்டால் ஒவ்வொரு வழக்கிலும் அலுவலகம் வழக்கறிஞரோடு வரும். கோப்பைத் திறக்க மாட்டாது. நார்டிக் நாடுகளுக்கு வெளியே முதன்முதலில் 1962-இல் இப்பதவியை ஏற்படுத்திய நியூசிலாந்து, பரிந்துரை அதிகாரத்தையே கொடுத்தது. பரிந்துரை புறக்கணிக்கப்பட்டால் பிரதமருக்கும் பின்னர் நாடாளுமன்றத்திற்கும் அறிக்கை போகும். ஊரறிய வரும் அந்த அறிக்கைக்குத்தான் அலுவலகங்கள் அஞ்சுகின்றன.

தென்னாப்பிரிக்காவைக் காட்டி என்னை மடக்குவோர் உண்டு, நல்ல எதிர்வாதந்தான். பொதுமக்கள் காப்பாளர் துலி மடோன்செலா, அதிபர் ஜேக்கப் சூமாவின் இங்காண்ட்லா இல்லத்தில் அரசுப் பணம் செலவிடப்பட்டதை ஆராய்ந்து 2014-இல் அறிக்கை வெளியிட்டார். ஈராண்டு அதை மதிப்பாரில்லை. 2016 மார்ச்சு 31-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், அவர் விதிக்கும் பரிகாரம் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்த பிறகே பணம் திரும்பியது. ஆகவே பல் வேண்டும் என்கிறார்கள். ஐயா, அதற்கு முன்னதைப் பாருங்கள்! 2009-இல் அவருக்குப் பணியமர்த்தல் ஆணை வழங்கியவரே சூமாதான். ஆனால் பெயரைப் பரிந்துரைத்தது நாடாளுமன்றம்; பதவிக்காலம் ஏழாண்டு, மறு நீட்டிப்பில்லை. சினம் கொண்ட அதிபர் அவரை நினைத்தவுடன் நீக்க முடியவில்லை. அந்தப் பாதுகாப்பு இல்லாதிருந்தால், தீர்ப்புப் பெற அறிக்கையே பிறந்திராது.

நம் நாட்டுக்கு வருவோம். 1971-இல் பொதுப் புகார்ப் பணியகம் அமைக்கப்பட்டது. அங்குப் பணியாற்றியோரில் உழைப்பாளிகள் பலர். அவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் அப்பணியகம் பிரதமர் துறையின் கீழ் ஒரு பிரிவாக வைக்கப்பட்டது. நாடாளுமன்றச் சட்டம் அதற்கு அடித்தளமாய் இல்லை. நிருவாகச் சுற்றறிக்கையே அடித்தளம். புகார்களை ஆராயும் நிலைக்குழுவுக்குத் தலைவர் யார்? அரசாங்கத் தலைமைச் செயலாளர்! அரசு ஊழியரைப் பற்றிய புகாருக்கு அரசு ஊழியர்க்கெல்லாம் தலைவரே தலைமை தாங்கினார். மாணவர் குறைகளைத் தலைமையாசிரியர் கேட்பது போன்றது இது. நல்ல தலைமையாசிரியர் கேட்பார். புகார் தலைமையாசிரியரைப் பற்றியதாயின்?

இதில் வேடிக்கை என்னவெனில், வங்கிக்கும் காப்புறுதி நிறுவனத்திற்கும் எதிராக முறையிட நமக்கு 2016-இலேயே ஒம்புட்ஸ்மன் என்ற பெயருடைய அமைப்புக் கிடைத்துவிட்டது. 2025 சனவரி முதல், முதலீட்டுப் பூசல்களையும் சேர்த்து விரிவாக்கப்பட்ட ஒரே அமைப்பாக அது இயங்குகிறது. பெரும்பாலான பூசல்களில் 250,000 ரிங்கிட் வரை முறையிடலாம், பயனீட்டாளருக்குக் கட்டணமில்லை. அவர் முடிவை ஏற்றுக்கொண்டால் வங்கி கட்டுப்பட்டாக வேண்டும். ஏற்காவிடின் நீதிமன்றம் போகலாம். வங்கியில் பணம் வைத்திருப்பவனுக்குக் கிடைத்த இந்த ஏற்பாடு, முகப்பிடத்தில் ஐந்து முறை நின்ற தாய்க்கு ஏன் அன்றே கிடைக்கவில்லை?

அரசுத் துறைகளுக்கென ஒம்புட்ஸ்மன் சட்டம் வேண்டும் என்ற குரல் கடந்த சில ஆண்டுகளாக அரசுத் தரப்பிலிருந்தே எழுந்துள்ளது, மகிழ்ச்சி. அத்தகைய சட்டம் எதுவாயினும் நான் தண்டனைப் பிரிவைப் புரட்ட மாட்டேன். நியமிப்பவர் யார், நீக்கும் அதிகாரம் எவரிடம், ஊதியத்துக்கும் ஊழியருக்கும் பணம் ஒதுக்குபவர் யார், அறிக்கை நேரே நாடாளுமன்றம் போகுமா, அமைச்சர் மேசையில் தங்கிச் செல்லுமா என்பவற்றையே தேடுவேன்.

"இப்பணிக்கு எந்தப் படிப்பு, ஐயா?" என்று பெற்றோர் கேட்டால் ஒற்றை விடை தர இயலாது. நியூசிலாந்தின் முதல் ஒம்புட்ஸ்மன் கை பவுல்ஸ் வழக்கறிஞர், படைவீரர், இந்தியாவில் தூதராகவும் இருந்தவர். 1955-இல் டென்மார்க்கில் முதலாவதாக அமர்ந்த சுடீபன் உர்விட்சு குற்றவியல் சட்டப் பேராசிரியர். ஆனால் அந்த நாற்காலிக்குக் கீழே ஆய்வு அலுவலர் பலர் வேண்டும். சட்டம், பொது நிருவாகம், கணக்கியல், சமூகப்பணி கற்றோர் அதற்கு ஏற்றவர்கள். எழுத்தறிவு குறைந்த ஒருவர் மூன்று பக்கம் புலம்பி எழுதிய மடலில், விதி மீறப்பட்ட அந்த ஒற்றை வரியைக் கண்டெடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அம்மடல் தமிழிலும் வரக்கூடும்.